காலங்கடந்து வந்த கலாசாலை

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து நடுப்பகுதியில், கோலாலம்பூரிலிருந்து தெற்கே ஜொகூர் பாருவுக்குச் செல்லும் பழைய நெடுஞ்சாலையும், பத்து பஹாட்டிலிருந்து குளுவாங் வழியாகக் கிழக்குக் கரையிலுள்ள மெர்சிங்கை எட்டும் சாலையும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லுமிடத்தில் அமைந்த சிற்றூர் ஆயர் ஈத்தாம். 1994-ல் வடக்கு தெற்கு விரைவுச்சாலை முழுமை பெறும் வரையில், சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் இடையே பிரயாணம் செய்தவர்களில் இங்கே இறங்கித் தேநீர் அருந்தி, சாலையோரத்து மண்பாண்டக் கடைகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் போகாதவர்கள் அபூர்வம். அவ்வாறு வந்து போனவர்களின் கண்ணில் கடைத்தெரு பட்டது. கடைத்தெருவுக்கு அப்பால், ரப்பர் மரங்களின் நிழலில் மூன்று தலைமுறைகளாக வாழ்ந்த தமிழ் ஜனங்களின் வாழ்வும், அவர்கள் கல்விக்காகக் காத்திருந்த நீண்ட காலமும் படவில்லை.

இன்று ஆயர் ஈத்தாம், யோங் பெங், குளுவாங் முதலான ஊர்களில், முப்பது வயதைத் தாண்டியவர்களும், ஐம்பதை நெருங்கியவர்களும், பேரப்பிள்ளைகளைக் கண்டவர்களுங்கூடச் சர்வகலாசாலைகளில் பெயரைப் பதிந்துகொண்டு பட்டத்துக்குப் படிப்பதைக் காண்கிறோம். "இந்த வயசுக்கு மேலே படிச்சு என்ன செய்யப்போறே?" என்று உறவினர் கேட்பதும், கேட்கப்பட்டவர் சிரித்து மழுப்பிவிட்டுப் பாடத்துக்குத் திரும்புவதும் பல வீடுகளில் நடக்கிற காரியம். சம்பள உயர்வுக்காகவும் உத்தியோக உயர்வுக்காகவும் படிக்கிறார்கள் என்று சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுவது எளிது. அந்தப் பதில் பொய்யன்று. ஆயினும் அது காரணத்தின் மேற்பரப்பை மட்டுமே தொடுகிறது. பிராயம் கடந்த பின் படிக்க வருபவர் தாமதித்து வந்தார் என்று உலகம் எண்ணுகிறது. இந்த வட்டாரத்தின் சரித்திரத்தைப் பொறுமையுடன் படித்தால், தாமதித்து வந்தது மாணவர் அல்லர், கலாசாலையே என்பது விளங்கும்.

அந்தச் சரித்திரம் நாகப்பட்டினத்துத் துறைமுகத்தில் தொடங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பருக்கு உலகச் சந்தையில் ஏற்பட்ட கிராக்கி மலாயாவின் காடுகளைத் தோட்டங்களாக மாற்றியது. 1909-ல் ஜொகூரின் ஊடே ரயில் பாதை முற்றுப்பெற்றதும் குளுவாங்கைச் சூழ்ந்த நிலங்களுக்கும் அம்மாற்றம் விரைந்து பரவியது. 1907-ல் ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடியேற்ற நிதியின் துணையோடும், சொந்தக் கிராமத்துக்கே வந்து ஆள் சேர்த்த கங்காணிகளின் வாக்குறுதிகளோடும், ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் சில நாள் தங்கி, பின் கப்பலேறியவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். 1938-ல் இந்திய அரசாங்கம் இந்த உதவிக் குடியேற்றத்தை நிறுத்தும் வரையில் அந்த ஓட்டம் ஏறக்குறைய இடைவிடாமல் இருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் கையெழுத்துப் போட அறியாதவர்கள். தம் மக்கள் நாலெழுத்துப் படிக்க வேண்டும் என்ற அபிலாஷை அவர்களுக்கு இல்லாமலில்லை. அதை நிறைவேற்றிக்கொள்ளும் ஸ்திதியில் அவர்கள் இல்லை என்பதே உண்மை.

கூட்டு மலாய் மாநிலங்களில் 1912-லும் 1923-லும் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டங்கள், ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகள் பத்துப் பேர் ஒரு தோட்டத்தில் இருப்பார்களாயின், அத்தோட்டத்து நிர்வாகம் அவர்களுக்கென ஒரு பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்று விதித்தன. ஜொகூர் அக்கூட்டமைப்பில் சேராத மாநிலமாயினும், அங்குள்ள தோட்டங்களிலும் இதே மாதிரியான பள்ளிகள் எழுந்தன. சட்டம் பள்ளிக்கூடம் வேண்டும் என்றதேயன்றி, அந்தப் பள்ளிக்கூடம் பிள்ளையை எவ்விடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. தோட்ட முதலாளிக்கு வேண்டியது குடும்பத்தோடு நிலைத்திருக்கும் தொழிலாளி. அவன் பிள்ளைகளைப் பகலில் ஓரிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஒரு கூரை வேண்டும். அந்தக் கூரையின் கீழ் எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுத்தால் போதுமென்று அவர் திருப்தியடைந்தார்.

அத்தகைய பள்ளி ஒன்றை மனக்கண்ணால் பார்ப்போம். தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்களின் கோடியில், சில இடங்களில் ஆயாக் கொட்டகையை ஒட்டி, பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரே அறை. அந்த ஓர் அறைக்குள் முதல் வகுப்புப் பிள்ளை கரும்பலகையின் ஒரு பாதியைப் பார்த்து அரிச்சுவடி எழுத, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மற்றொரு பாதியில் கணக்குப் போட, ஒரே உபாத்தியாயர் இரண்டுக்குமிடையே நடந்துகொண்டிருப்பார். சில தோட்டங்களில் அந்த உபாத்தியாயர் பயிற்சி பெற்ற ஆசிரியருமல்லர். ஓரளவு எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரைப் பிடித்து அமர்த்தியிருப்பார்கள். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் போன தாய் தந்தையர், மரத்தில் பால் நன்றாக இறங்கும் குளிர்ந்த வேளையில் உளி பிடித்து, வெயில் ஏறியதும் மங்கு மங்காகப் பாலைச் சேர்த்து, காண்டா வாளியில் சுமந்து ஸ்டோரில் நிறுத்துவிட்டுத் திரும்புவதற்குள் நடுப்பகல் ஆகிவிடும். பள்ளி விட்டதும் பிள்ளைகளும் நிரைக்குப் போய் ஒட்டுப்பால் உரித்து உதவுவார்கள். ஆறாம் வகுப்போடு அந்தப் பள்ளி முடிந்தது. அதற்குப் பிறகு பையனுக்கு ஓர் உளியும் பெண்ணுக்கு ஒரு களைக்கொட்டும் காத்திருந்தன.

ஏன் அவர்கள் மேலே படிக்கவில்லை என்று கேட்பவர், படிகளின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். உயர்கல்விக்கு இட்டுச் சென்ற பாதை ஆங்கிலப் பள்ளியின் வழியாகவே சென்றது. ஆங்கிலப் பள்ளிகள் பத்து பஹாட், குளுவாங் முதலிய பட்டணங்களில் இருந்தன. தமிழில் இடைநிலைப் பள்ளி என்பது எங்குமே இல்லை. 1949-ல் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் தொடங்கப்பட்டபோது, ஆயர் ஈத்தாமிலிருந்து அதற்கு இருந்த தூரம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்டதுதான். அவ்வழியே பேருந்தும் ஓடிற்று. ஆயினும் ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு அப்பல்கலைக்கழகம் கடல் கடந்த தேசத்தைக் காட்டிலும் தூரமாயிருந்தது. ஏணியின் முதற்படி லயத்தருகே இருந்தது, கடைசிப்படி சிங்கப்பூரில் இருந்தது, நடுவிலிருந்த படிகளை யாருமே வைக்கவில்லை.

இவ்வளவு தடைகளுக்கிடையிலும் அறிவின்மேல் இருந்த ஆசை அந்த ஜனங்களிடையே பட்டுப்போகவில்லை என்பதே நாம் பெருமையோடு நினைக்க வேண்டிய விசேஷம். திருவள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாமல், கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். படிக்க வாய்ப்பில்லாதவனுக்கும் கேட்டு அறியும் வழி உண்டு என்ற அந்தத் தமிழ் மரபு தோட்டங்களில் உயிரோடு இருந்தது. மாரியம்மன் கோயில் திடலில் பாரதமும் இராமாயணமும் வாசிக்கப்பட்டன. 1924-ல் தோன்றிய தமிழ் நேசனையும் 1935-ல் தோன்றிய தமிழ் முரசையும், எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, அறியாதவர் பலர் சுற்றியிருந்து கேட்டார்கள். கேட்டவர்கள் செய்திகளைப் பற்றி விவாதித்தார்கள். ஹிட்லரைப் பற்றியும், காந்தியடிகளைப் பற்றியும், பெரியாரைப் பற்றியும் அவர்களுக்குத் திடமான அபிப்பிராயங்கள் இருந்தன. பட்டம் இல்லாத அறிவாளிகள் அக்காலத்தில் ஒவ்வொரு லயத்திலும் உண்டு.

1950-களில் நிகழ்ந்த ஒரு காரியம் இந்த ஆசையின் ஆழத்தைக் காட்டும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமையவிருந்தபோது, அதில் தமிழுக்கு உரிய இடம் வேண்டுமென்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் ஊர் ஊராகக் குரல் எழுப்பி, "தமிழ் எங்கள் உயிர்" என்ற பெயரில் ஒரு நிதியைத் திரட்டினார். வர்த்தகர்களும் உத்தியோகஸ்தர்களும் கொடுத்ததைக் குறித்து வியப்பதற்கில்லை. தம் வாழ்நாளில் ஒரு சர்வகலாசாலையின் வாயிலைக் காணப்போவதில்லை என்று அறிந்திருந்த பால்மரத் தொழிலாளரும் தங்கள் கூலியிலிருந்து இயன்றதைக் கொடுத்தார்கள் என்பதே வியப்பு. 1956-ல் அத்துறை தோன்றியது. பிறகு கோலாலம்பூருக்கு வந்த அத்துறையின் தலைமையை 1961-ல் தமிழறிஞர் தனிநாயகம் அடிகளார் ஏற்றார். 1966-ல் முதல் உலகத் தமிழ் மாநாடு அந்நகரிலேயே கூடியது. தமக்குக் கிட்டாத கல்வி தம் மொழிக்காவது கிட்டட்டும் என்று பணம் தந்த அந்த முதியோர்களின் பேரர்களும் பேத்திகளுமே இன்று நடுத்தர வயதில் பட்டம் படிக்க வருபவர்கள். இந்தத் தொடர்ச்சியை மறந்துவிட்டு அவர்களுடைய ஆசையைப் புரிந்துகொள்ள முடியாது.

1957-ல் நாடு சுதந்திரம் அடைந்தபோது மலாயாவில் 800-க்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை தோட்டங்களில் இருந்த சிறு பள்ளிகளே. 1956-ஆம் வருஷத்து ரசாக் அறிக்கையும், 1960-ஆம் வருஷத்து ரஹ்மான் தாலிப் அறிக்கையும், அவற்றைத் தொடர்ந்து 1961-ஆம் வருஷத்துக் கல்விச் சட்டமும் தேசியக் கல்விக்கு ஓர் உருவம் கொடுத்தன. ஆரம்பக் கல்வி தமிழில் நிலைத்தது, இடைநிலைக் கல்வி ஆங்கிலத்திலோ மலாயிலோ நடைபெற்றது. தமிழ்ப் பள்ளியிலிருந்து வந்த பிள்ளை மொழி பழகுவதற்காகப் புகுமுக வகுப்பு என்று ஒரு வருஷத்தைக் கூடுதலாகக் கழிக்க வேண்டியிருந்தது. 1965 முதல் நுழைவுப் பரீட்சை இன்றியே எல்லாப் பிள்ளைகளும் மூன்றாம் படிவம் வரை செல்ல வழி பிறந்தது மகத்தான காரியம். முன்னே விடுபட்டுக் கிடந்த நடுப்படிகளில் ஒன்று அப்போதுதான் வைக்கப்பட்டது. ஆயினும் ஆறு வருஷம் தமிழில் படித்த குழந்தை, பட்டணத்துப் பள்ளியின் பெரிய வகுப்பறையில், புரியாத மொழியில் பாடம் கேட்டு, மூன்றாம் படிவப் பரீட்சையில் தவறி, "எனக்குப் படிப்பு ஏறலை" என்று தன்னையே குறை சொல்லிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பிய கதை ஆயிரம் வீடுகளின் கதையாயிற்று. ஏறாதது படிப்பா, மொழியா என்று அந்தக் குழந்தைக்கு எடுத்துச் சொல்ல அன்று யாருமில்லை.

அதே காலத்தில் தோட்டங்களும் நிலைகுலைந்தன. ஆங்கிலேயக் கம்பெனிகள் விற்றுவிட்டுப் போன பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டன. 1969-க்குப் பின் குடியுரிமை பெறாதவர்கள் வேலை அனுமதியின்றி உழைக்க முடியாத நிலை வந்ததும் பல குடும்பங்கள் தமிழ்நாட்டுக்குத் திரும்பின. ரப்பர் மரங்கள் வெட்டப்பட்ட இடத்தில் செம்பனை நடப்பட்டது. செம்பனைக்கு ரப்பரைப் போல அத்தனை கைகள் வேண்டியதில்லை. லயங்களை விட்டு வெளியேறியவர்கள் ஆயர் ஈத்தாம், குளுவாங், பத்து பஹாட் ஊர்களின் ஓரங்களில் குடியேறி, தொழிற்சாலைகளிலும் லாரிகளிலும் கடைகளிலும் வேலை தேடிக்கொண்டார்கள். இத்தகைய குடும்பங்களில் மூத்த பிள்ளையின் படிப்பே முதலில் பலியாகும். மூத்த மகள் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள நின்றாள். மூத்த மகன் தகப்பனாரின் கடனை அடைக்க நின்றான். அவர்கள் நின்றதனால் இளையவர்கள் படித்தார்கள். இன்று நாற்பத்தைந்து வயதில் ஒரு பெண்மணி பட்டப்படிப்பில் சேர்ந்திருப்பதைக் கேள்விப்பட்டால், அவர் அந்த மூத்த மகளாக இருக்கக்கூடும் என்று நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பிராயம் கடந்து படித்தவர்கள் எளிய குடும்பங்களில் மட்டும் இருந்தார்களென்று கருத வேண்டாம். நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் இளமையில் லண்டனில் முடிக்காமல் விட்ட சட்டப் படிப்பைத் தொடர 1947-ல் மறுபடியும் அங்கே சென்று, 1949-ல் தம் நாற்பத்தாறாவது வயதில் வழக்கறிஞரானார். மூன்றாவது பிரதமர் துன் உசேன் ஓன், ஜொகூர் பாருவில் பிறந்தவர், இளமையை ராணுவத்திலும் அரசாங்க உத்தியோகத்திலும் அரசியலிலும் கழித்துவிட்டு, முப்பது வயதைக் கடந்த பிறகே லண்டனில் லிங்கன்ஸ் இன் கழகத்தில் சட்டம் பயின்றார், 1963-ல், நாற்பதைத் தாண்டிய பின், கோலாலம்பூரில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார், 1976-ல் பிரதமரானார். வசதியுள்ளவர்க்கு வயது ஒரு தடையாக நினைக்கப்படவில்லை. கப்பலேறி லண்டனுக்குச் செல்லும் வசதி இல்லாதவர்க்கோ, வயதும் வறுமையும் சேர்ந்தே வழியை அடைத்தன. அவர்களுக்குக் கல்வி கிடைக்க வேண்டுமானால் கலாசாலையே அவர்கள் இருக்குமிடத்துக்கு வர வேண்டியிருந்தது.

அந்த வருகை 1971-ல் தொடங்கியது. இங்கிலாந்தில் திறந்த பல்கலைக்கழகம் தன் முதல் மாணவர்களுக்குப் பாடம் நடத்தத் தொடங்கிய அதே வருஷத்தில், பினாங்கில் 1969-ல் நிறுவப்பட்டிருந்த மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், வேலையில் இருப்பவர்கள் வீட்டிலிருந்தே படித்துப் பட்டம் பெறுவதற்கான வெளிவளாகத் திட்டத்தை ஆரம்பித்தது. மலேசியாவில் பல்கலைக்கழகத் தொலைக்கல்வியின் பிறப்பு அதுவே. பாடங்கள் தபாலில் வந்தன. வருஷத்தில் சில வாரங்கள் பினாங்கு சென்று தங்கிப் படிக்க வேண்டும். ஆயர் ஈத்தாமிலிருந்து பினாங்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். பள்ளி விடுமுறையையும் சேர்த்துவைத்த விடுப்பையும் அதற்கென்று ஒதுக்கி, இரவுப் பேருந்தில் பிரயாணம் செய்த ஆசிரியர்கள் அக்காலத்தில் பலர். தொலைக்கல்வித் துறையில் பினாங்கில் பணியாற்றிய கஜராஜ் தனராஜன் அவர்கள் பிற்காலத்தில் ஹாங்காங்கின் திறந்த கல்வி நிலையத்துக்கும், 1995 முதல் 2004 வரை காமன்வெல்த் நாடுகளின் தொலைக்கல்வி அமைப்புக்கும் தலைமை வகித்து, அதன்பின் பினாங்கில் தோன்றிய வாவாசான் திறந்த பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகவும் விளங்கினார். தொலைவில் இருப்பவனுக்கும் கல்வி உண்டு என்ற கொள்கைக்கு உலக அரங்கில் உழைத்தவர்களில் ஒருவர் இந்நாட்டிலிருந்து சென்றவர் என்பது நம் இளைஞர்கள் அறிய வேண்டிய செய்தி.

தமிழாசிரியர்களுக்கு மற்றொரு கதவும் திறந்தது. சிதம்பரத்தில் 1929-ல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், சென்னைப் பல்கலைக்கழகமும் அஞ்சல்வழிக் கல்வியை ஏற்படுத்திய பின், மலேசியத் தமிழ்ப் பள்ளிகளில் பணியாற்றியவர்கள் அவற்றின் வழியாகத் தமிழில் இளங்கலையும் முதுகலையும் கற்கலாயினர். பகலெல்லாம் ஆத்திசூடி சொல்லிக்கொடுத்துவிட்டு, இரவில் தொல்காப்பிய உரையையும் சங்க இலக்கியத்தையும் படித்த அவர்களுள் எல்லோருக்கும் அந்தப் பட்டத்தால் சம்பளம் உயர்ந்துவிடவில்லை. பாட்டன் கப்பலேறிய கரையிலிருந்து பேரனுக்குப் பாடப் புத்தகம் வந்தது என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

இனி ஆயர் ஈத்தாமுக்கு மிக அருகில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பத்து பஹாட் செல்லும் சாலையில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது பாரிட் ராஜா. 1993 செப்டம்பர் 16-ஆம் நாள் அங்கே ஒரு பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. அது யாருக்காக? நாட்டிலுள்ள பலதொழில் கல்லூரிகளில் முன்னமே வேலை பார்த்துவந்த ஆசிரியர்களுக்காக. இந்த வட்டாரத்துக்கு வந்த அந்த உயர்கல்விச் சாலை, உத்தியோகமும் குடும்பமும் உள்ள வளர்ந்த மனிதர்களைத் தன் மாணவர்களாகக் கொண்டே பிறந்தது. 1996-ல் அது துன் உசேன் ஓன் தொழில்நுட்பக் கழகமாகவும், 2000-ல் பல்கலைக்கழகக் கல்லூரியாகவும், 2007-ல் துன் உசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகமாகவும் வளர்ந்தது. பிராயம் கடந்த பின் சட்டம் படித்த ஒருவரின் பெயரையே அது தாங்கி நிற்பது மிகவும் பொருத்தம். இந்தப் பகுதியில் முதல் ரப்பர் மரம் நடப்பட்ட காலத்திலிருந்து எண்ணினால், சாலையோரத்தில் ஒரு சர்வகலாசாலையின் பெயர்ப்பலகையைக் காண இவ்வட்டாரத்தார் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தார்கள்.

அதற்குப் பின் மாறுதல்கள் விரைந்து வந்தன. 1996-ஆம் வருஷத்துத் தனியார் உயர்கல்விச் சட்டம் புதிய கலாசாலைகளுக்கு இடமளித்தது. 1997-ல் தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் கடன் கொடுக்கத் தோன்றியது. 2001-ல் மலேசியத் திறந்த பல்கலைக்கழகம் 753 மாணவர்களுடன் வகுப்புகளைத் தொடங்கியது. பட்டம் இல்லாத ஆயிரக்கணக்கான பள்ளி ஆசிரியர்கள் பின்னர் அதன் வழியாகப் பட்டதாரிகளாயினர். எல்லாவற்றிலும் முக்கியமானது, பள்ளிச் சான்றிதழ் இல்லாதவனுடைய உழைப்பின் அனுபவத்தையே தகுதியாக மதிக்கும் ஏற்பாடு. "ஏப்பெல்" என்று பேச்சுவழக்கில் வழங்கும் அந்த முறைப்படி, இருபத்தொரு வயது நிறைந்து, தக்க வேலை அனுபவமும் உள்ள ஒருவர், தம் அனுபவத்தால் கற்றதை ஆவணமாகத் தொகுத்துக் காட்டி, ஒரு பரீட்சையும் எழுதித் தேறினால் இளங்கலை வகுப்பில் சேரலாம். முப்பது வயதைக் கடந்து, டிப்ளமா போன்ற முன்தகுதியும் உள்ளவர் முதுகலைக்கும் இதே வழியில் முயலலாம். பதினைந்தாவது வயதில் ஒரு பரீட்சையில் தவறியதற்காக வாழ்நாள் முழுவதும் வெளியே நிற்க வேண்டியதில்லை என்று நாடே ஒப்புக்கொண்டதற்கு இது சமம்.

இவ்வளவையும் மனத்தில் இருத்திக்கொண்டு, அவர்கள் ஏன் படிக்க வருகிறார்கள் என்ற கேள்விக்குத் திரும்புவோம்.

முதற்காரணம் வயிற்றைச் சார்ந்ததே. அதைத் தாழ்வாக எண்ணுவது தகாது. டிப்ளமா பெற்ற ஆசிரியர் டி.ஜி. 29 என்ற சம்பளப் படியிலும் பட்டம் பெற்றவர் டி.ஜி. 41 என்ற படியிலும் வைக்கப்பட்டிருந்த காலத்தில், ஒரே பள்ளியில் ஒரே பாடத்தை இருபது வருஷம் நடத்தியவர் நேற்று வந்த இளைஞருக்குக் கீழே நிற்க நேர்ந்தது. தொழிற்சாலையில் இயந்திரத்தின் சுபாவத்தை ஓசையைக் கொண்டே சொல்லக்கூடிய மேற்பார்வையாளரால், ஒரு காகிதம் இல்லாத காரணத்தால் மேலாளர் பதவிக்கு விண்ணப்பிக்க முடியாமல் போயிற்று. உழைப்புக்கு உரிய ஊதியத்தை விரும்புவது பேராசை ஆகாது.

இரண்டாவது காரணம் மானம். படிப்பு ஏறவில்லை என்று சிறுவயதில் தனக்குத் தானே எழுதிக்கொண்ட தீர்ப்பைத் தானே திருத்தி எழுத வேண்டும் என்ற தாகம் அது. மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவர் முதல் பருவப் பரீட்சையில் தேறியதும் கண்கலங்குகிறார் என்றால், அந்தக் கண்ணீருக்கு மதிப்பெண் மட்டும் காரணமன்று. முப்பது வருஷமாக மனத்தை அழுத்திக்கொண்டிருந்த ஒரு பொய் அன்று விலகுகிறது.

மூன்றாவது காரணம் பிள்ளைகள். தோட்டத்துத் தாய், தான் படியாவிட்டாலும் பிள்ளை படிக்க வேண்டும் என்று விரும்பினாள். அவள் பேத்தி, பிள்ளை படிப்பதற்குத் தானும் படிக்க வேண்டும் என்று அறிந்திருக்கிறாள். இரவு ஒன்பது மணிக்குச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவி அடுக்கியபின், அதே மேசையைத் துடைத்து, ஒரு பக்கத்தில் மகன் எஸ்.பி.எம். பரீட்சைக் கணக்கைப் போட, மறுபக்கத்தில் தாய் மடிக்கணினியில் தன் ஒப்படைப்புக் கட்டுரையை எழுதுகிறாள். மலாய்ச் சொல் ஒன்று அவளுக்குத் தடைப்பட்டால் மகன் சொல்கிறான், அவனுக்கு வாழ்க்கையில் ஒன்று தடைப்பட்டால் அவள் சொல்கிறாள். எந்த அறிவுரையும் அந்த மேசை புகட்டும் பாடத்துக்கு ஈடாகாது.

நான்காவது காரணத்தையே நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன். கற்பதில் உள்ள இன்பத்துக்காகவே கற்பது அது. பிள்ளைகள் வளர்ந்து, கடன் அடைந்து, ஓய்வு நெருங்கிய வேளையில், இனி எதற்கும் பயன்படாத பட்டம் என்று பிறர் சொல்லும் ஒரு பட்டத்துக்கு ஒருவர் சேருகிறார். சரித்திரமோ, இலக்கியமோ, உளவியலோ படிக்கிறார். லயத்து வாசலில் அமர்ந்து, பிறர் படிக்கப் பத்திரிகை கேட்ட பாட்டனின் ஆர்வமே அவரிடம் ஏடும் எழுத்துமாக மலர்ந்திருக்கிறது. ஞானத்தை விரும்புவதற்குக் காரணம் கேட்பது, காற்றை விரும்புவதற்குக் காரணம் கேட்பதற்கு ஒப்பாகும்.

அவர்கள் அனுபவிக்கும் கஷ்டங்களும் சாமான்யமானவை அல்ல. இரட்டை நேர வேலை முடிந்து வந்து படிக்கிறார்கள். ஊழியர் சேமநிதியிலிருந்து எதிர்காலத்துக்கென வைத்த பணத்தைக் கட்டணத்துக்காக எடுக்கிறார்கள். கல்யாணம் காதுகுத்துக்குப் போகாததற்காகச் சுற்றத்தாரின் மனத்தாங்கலைச் சம்பாதிக்கிறார்கள். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து வகுப்புகள் முற்றிலும் கணினித் திரைக்கு மாறியபோது, பிள்ளைகளும் பெற்றோரும் ஒரே கைப்பேசியைப் பகிர்ந்து பாடம் கேட்ட வீடுகள் உண்டு. இடையில் நிறுத்திவிட்டவர்களும் உண்டு. அவர்களைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. இளைஞன் ஒருவன் படிக்கும்போது குடும்பம் முழுவதும் அவனைத் தாங்குகிறது. இவர்களோ குடும்பத்தைத் தாங்கிக்கொண்டே படிக்கிறார்கள்.

ஆகவே, இவர்களுடைய முயற்சியைப் பொழுதுபோக்கு என்றோ, வீண் ஆசை என்றோ பேசும் வழக்கத்தை நாம் விட்டொழிக்க வேண்டும். முதலாளிமார்கள் பரீட்சை நாட்களில் மனமுவந்து விடுப்புத் தர வேண்டும். ஆலயங்களும் சங்கங்களும் வருஷந்தோறும் பரிசளிப்பு விழாவில் பரீட்சையில் சிறந்து தேறிய மாணவனைக் கௌரவிக்கும் அதே மேடையில், நாற்பத்தெட்டாவது வயதில் பட்டம் வாங்கிய தாயையும் அழைத்து மாலை சூட்ட வேண்டும். உதவித்தொகை வழங்கும் ஸ்தாபனங்கள் விண்ணப்பத்தில் வயது வரம்பைப் போடுவதற்கு முன், அந்த வயது வரை அவர்களை வெளியே நிறுத்திவைத்தது யார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டில் உள்ளவர்கள் இரவில் இரண்டு மணி நேர அமைதியை அவர்களுக்குக் கொடுத்தால் அதுவே பேருதவி. ஒரு சமூகத்துக்கு ஒரு நூற்றாண்டாகத் தரப்படாமல் நின்ற கல்வியை, இன்று தனித்தனி மனிதர்கள் தங்கள் தூக்கத்தையும் சேமிப்பையும் செலவிட்டு வசூலித்துக்கொண்டிருக்கிறார்கள். அது அவர்களுடைய நியாயமான உரிமை. அந்த வசூலுக்குத் துணை நிற்பது நம் கடமை.